அமலோற்பவத்தின் கட்டைவிரல்

துப்பாக்கி மேகசினிலிருந்து தோட்டாக்களை எடுப்பது அமலோற்பவத்தின் வேலை. அடுப்படித் தரையில் பழைய துண்டை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேகசினை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலால் மேலே தெரிகிற தோட்டாவை முன்பக்கமாகத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு வந்து துண்டில் விழுந்தது. அடியிலிருந்த ஸ்பிரிங் அடுத்ததை மேலே தூக்கிக் கொடுத்தது. மொச்சை உரிப்பது மாதிரிதான். என்ன, மொச்சை இப்படி எதிர்த்து நிற்காது.

செபாஸ்தியான் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா. கீழ இடிக்காத."

"இடிச்சா அழுவுமா? உங்க பேத்தியா அது?"

"சொல்றத கேளு, அமலி."

"முப்பத்திமூணு வருசமா அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன்."

செபாஸ்தியான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது புனேயில் ஒரு நகைக்கடையில் கன்மேன். சொந்த லைசென்ஸில் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிற பழைய ராணுவத்தாரைத்தான் அந்த மாதிரிக் கடைகள் தேடி எடுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவார். ஆளோடு துப்பாக்கியும் வரும். சங்கராபுரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில், மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் இருக்கிற வீட்டுக்கு வந்ததும், முதலில் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியோடு வந்திருப்பதைச் சொல்லிவிட்டு வருவார். அப்புறம்தான் குளியல், சாப்பாடு எல்லாம்.

முன்பெல்லாம் ரயிலில்தான் போக்குவரத்து. மகன் ஜான் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, அப்பா இரண்டு ராத்திரி உட்கார்ந்துகொண்டு போக வேண்டாம் என்று விமானத்தில் டிக்கெட் போட்டுத் தர ஆரம்பித்தான். விமானத்துக்குச் சட்டதிட்டம் வேறு. துப்பாக்கி கைப்பையில் போகக் கூடாது. பூட்டின கெட்டிப் பெட்டியில், அடியில் போகிற சாமான்களோடு போக வேண்டும். தோட்டா தனி டப்பாவில். மேகசின் காலியாக இருக்க வேண்டும். இதில் துப்பாக்கி இருக்கிறது என்று கவுண்டரிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்து கன்மேன் ஒருத்தர் தோள்பையின் ஓரத்து ஜிப்பில் ஒரே ஒரு தோட்டாவை மறந்து வைத்து, ஸ்கேனில் மாட்டி, விமானத்தையும் விட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்த கதையைச் செபாஸ்தியான் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சொல்வார். அமலோற்பவமும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பைகளையும் தலைகீழாகக் கொட்டி உதறுவாள்.

ஊரில் இருக்கிற நாளிலும் எதற்கு மேகசினை நிரப்பி வைக்க வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். "காலி மேகசின பீரோவுல வச்சிக்கினு எனக்குத் தூக்கம் வராது" என்பார். பீரோவுக்குள் துப்பாக்கி இருக்கும். வெளியே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பன்றிக்கூட்டம் மரவள்ளியைத் தோண்டித் தின்றுவிட்டு ஏறிப் போகும். பக்கத்துக் கொல்லைத் தெய்வசிகாமணிக்குக் கேலி பண்ண இது போதும்.

"இன்னா ஹவில்தாரே, பீரோ நெறைய துப்பாக்கி வச்சிக்கினு பன்னிகிட்ட தோத்துக்கினு இருக்கீங்க? நான் தகரத்த தட்டியே வெரட்டுறேன்."

"அது நகைய காக்குற துப்பாக்கிப்பா. கெழங்குக்கெல்லாம் வராது."

"அப்ப கெழங்குக்குத் தங்கமுலாம் பூசிடுங்க."

இந்தத் தோட்டா வேலை அமலோற்பவத்திடம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம் படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது, செபாஸ்தியான் கட்டிலில் உட்கார்ந்து, மேகசினை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் தோட்டாவை அழுத்திக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. அவள் அதை வாங்கி, அவர் காட்டின மாதிரி கட்டைவிரலால் அழுத்தினாள். முதலில் முரண்டு பிடித்தது; பிறகு உள்ளே போனது. தினமும் மாடு கறக்கிற விரல் அது. கிழங்கு உரித்து, கடலை உடைத்துக் காய்த்துப் போன விரல். கள்ளக்குறிச்சி டாக்டர் செபாஸ்தியானின் விரலை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்து, "தேய்மானம்" என்றார். முழங்காலுக்கு வந்தவர்களுக்கும் கழுத்துக்கு வந்தவர்களுக்கும் அவர் அதையேதான் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவர் வந்ததும் நிரப்புவது அவள், கிளம்பும்போது காலி செய்வதும் அவள். இரண்டு பேரும் அதைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை. அவர்களுக்குள்ளும் பேசிக்கொண்டதில்லை.

இந்தத் தடவை ஒரு வித்தியாசம். அமலோற்பவமும் புனேவுக்குப் போகிறாள்.

அது நடந்த விதத்தை அவள் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். செபாஸ்தியான் லீவுக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாள் போனில், "ஒரு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போயேன்" என்றார். பக்கத்தில் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்து அவள் பதில் சொல்லாமல் இருந்தாள்.

"அமலி? கேக்குதா?"

"யாரு, நானா?"

"வேற யாரு? ஜான்கிட்ட சொல்லிட்டேன். போகும்போது ரெண்டு டிக்கெட். ஊரச் சுத்திக் காட்டுறேன்."

கல்யாணமான புதிதில் அவள்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது அவர் ஜம்முவில் இருந்தார். அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது என்றார். அது உண்மைதான். பிறகு அஸ்ஸாம், அங்கே மழை ஜாஸ்தி. பிறகு ஜபல்பூர், அங்கே வெயில் ஜாஸ்தி. புனேயில் கடை மாடியில் கொடுத்திருக்கிற ரூம் சின்னது. கேட்டு அலுத்துப்போய் அவள் கேட்பதை விட்டாள். கேட்பதை விட்டதும் ஆசையும் போய்விட்டது என்று தானே நம்பிக்கொண்டும் இருந்தாள்.

அதற்காக அவள் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நினைக்க வேண்டாம். ஏங்க நேரமில்லை. மரவள்ளி போட்டாள், மாடு வைத்தாள், ஜானைப் படிக்க வைத்தாள். இந்த வீட்டைக் கட்டினதும் அவள்தான். செபாஸ்தியான் வரைந்து அனுப்பின படத்தில் அடுப்படிக்கு ஜன்னல் இல்லை. அவள் இரண்டு ஜன்னல் வைத்தாள். அவர் லீவில் வந்து பார்த்துவிட்டு, "பாதுகாப்பு இல்லையே" என்றார். "காத்து இருக்குதே" என்றாள் அவள். லீவு பாதி தாண்டினதும் அவர் அடுப்படியில் புகுந்து டப்பாக்களை உயரப்படி அடுக்க ஆரம்பிப்பார். பெரியது பின்னால், சின்னது முன்னால். உப்பு எங்கே, சீரகம் எங்கே என்று அவள் தவித்துப் போவாள். அவர் பஸ் ஏறின சாயங்காலமே எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடிப்பாள். வருத்தமும் இருக்கும், நிம்மதியும் இருக்கும். எது எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்தப் போன் வந்த பிறகு அவளுக்கு நடையே மாறிப்போனது. கள்ளக்குறிச்சிக்குப் போய் இரண்டு புடவையும் குதி உயரமில்லாத ஒரு நல்ல செருப்பும் வாங்கினாள். ஒரு நாள் பஸ் பிடித்து வெள்ளிமலைக்கு ஏறி, வழக்கமாக வாங்குகிற வீட்டில் சாமையும் தினையும் மிளகும் வாங்கி வந்தாள். புனேயில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா அமலோற்பவம், ஹனிமூனா?"

"முப்பது வருசம் லேட்டு. வண்டி இப்பதான் வந்துச்சி."

தெய்வசிகாமணியின் மனைவி கண்ணகி மாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நேற்றே வந்து ஓட்டிக்கொண்டும் போனாள். "மாமா உன்ன அங்கயே வச்சிக்கப் போறாரு பாருக்கா. நீ வர்றதுக்குள்ள மாடு என் பேச்சத்தான் கேக்கும்."

"கேட்டா வச்சிக்கோ. ஆனா ஒதைக்கும், சொல்லிட்டேன்."

இப்போது அவள் தோட்டாக்களைத் துணியால் துடைத்து, அட்டை டப்பாவில் வரிசையாக வைத்து மூடினாள். மேகசின்கள் இரண்டையும் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். செபாஸ்தியான் ஒன்றைத் துப்பாக்கியில் செருகி, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, கெட்டிப் பெட்டியைப் பூட்டினார். சூட்கேஸில் அந்தப் பெட்டிக்கு இடம் விட்டுத்தான் சாமையும் தினையும் போயிருந்தன. ஜான் போன் செய்தான்.

"ஏர்லைன்ஸ்ல பேசிட்டேம்மா, கன் இருக்குதுன்னு சொல்லிட்டேன். கவுண்டர்ல அப்பாவையே பேசச் சொல்லு. நீ ஒண்ணும் பேசாத."

"நான் எதுக்குடா பேசப் போறேன்?"

"நீ பேசுவ. அதான் சொல்றேன்."

கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ்ஸில் ஏறினார்கள். சூட்கேஸை அடியில் போடச் சொன்ன கண்டக்டரிடம் செபாஸ்தியான் ஒத்துக்கொள்ளவில்லை. காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, முட்டி மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். உளுந்தூர்பேட்டையில் பஸ் சாப்பாட்டுக்கு நின்றது. அவர் இறங்க மாட்டார் என்று தெரியும். அமலோற்பவம் இறங்கி, லாரிகளுக்கு நடுவில் புகுந்து போய், இரண்டு டீயும் பொட்டலத்தில் வடையும் வாங்கி வந்தாள். ஒரு டீயை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். அவள் மேலே ஏறி வந்து உட்கார்ந்தாள்.

"ஆதிமூலம் அண்ணனுக்கு எலுமிச்சை ஊறுகாய் தனியா கட்டி எடுத்துக்கினு வந்திருக்கேன்" என்றாள். ஆதிமூலம் ஆத்தூர்க்காரர். அதே கடையில் கன்மேன். செபாஸ்தியானோடு ஒரே ரூமில் இருப்பவர். போனில் அடிக்கடி, "தங்கச்சி, சௌக்கியமா?" என்று ஒரு குரல் கொடுப்பார். "அவரு இருக்கும்போது நான் எப்படி ஒரே ரூம்ல தங்குறது? வேற எடத்துக்குப் போயிடுவாரா?"

செபாஸ்தியான் வடையைப் பிய்த்தார். "அவன் இல்ல. வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிட்டான்."

"எப்ப?"

"ஈஸ்டருக்கு முன்னாலயே."

"சொல்லவே இல்லையே நீங்க."

"சொல்ல இன்னா இருக்குது? பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல, போயிட்டான்."

அவளுக்கு ஊறுகாய் பற்றித்தான் முதலில் வருத்தம். அவருக்காக உப்பு கம்மியாகப் போட்டது. பிறகு, ரூம் முழுக்க நமக்குத்தானா என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். பஸ் கிளம்பியது. விழுப்புரம் தாண்டுவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

விமான நிலையம் அவள் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. கவுண்டரில் செபாஸ்தியான் விறைப்பாக நின்று, பட்டாளத்துக் குரலில், "இதில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தர் ஒரு அடி தள்ளிப் போனார். கவுண்டர் பெண் பதறவில்லை; யாருக்கோ போன் செய்தாள். கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளம்பெண் வந்தாள். அட்டையில் ஷாலினி என்று இருந்தது. விமானக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவாம். கூடவே தள்ளுவண்டியோடு ஒரு ஆள்.

"ரூமுக்கு வாங்க சார். பெட்டியத் திறந்து பாக்கணும். அம்மா, நீங்க இங்கயே உக்காருங்க."

"அவங்களும் வரட்டும்" என்றார் செபாஸ்தியான் சட்டென்று.

"வேணாமே சார். சின்ன ரூம்."

"இல்ல. வரட்டும். சாவிய அவங்கதான் வச்சிருக்காங்க."

சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அமலோற்பவத்துக்கு அது தெரியும். தன்னை வெளியே தனியாக விட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கூடவே போனாள்.

ரூமில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பக்கம் மொட்டைச் சுவர். தள்ளுவண்டி ஆள் கதவருகில் நின்றுகொண்டார். ஷாலினி கையுறை மாட்டிக்கொண்டு லைசென்ஸைப் படித்தாள். தோட்டா டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். தனியாக இருந்த மேகசினை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"நல்லா கிளீனா வச்சிருக்கீங்க சார். காலி பண்ணது நீங்கதானே?"

வழக்கமாகக் கேட்கிற கேள்வி. தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் செபாஸ்தியான் வாயைத் திறப்பதற்குள், "இந்த ரசம் யார் வைத்தது?" என்று விருந்தாளி கேட்டால் எப்படிப் பதில் வருமோ அப்படி அமலோற்பவத்திடமிருந்து பதில் வந்தது.

"நான்தாம்மா. காலைலயே பண்ணிட்டேன். ஒண்ணொண்ணா தொடச்சி வச்சிருக்கேன்."

ஷாலினி நிமிர்ந்தாள். "நீங்களா?"

"ரெண்டு வருசமா நான்தான். அவருக்கு வெரலு ஆவல. தேய்மானம்னு சொல்லிட்டாரு டாக்டரு."

"அமலி" என்றார் செபாஸ்தியான். மெதுவாகத்தான் சொன்னார்.

கதவருகில் நின்ற ஆள் கூரையைப் பார்த்தார். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அமலோற்பவத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஜானின் முகம் ஞாபகம் வந்தது.

ஷாலினி மேகசினை மேஜையில் வைத்தாள். கோபமாகத் தெரியவில்லை. "அம்மா, லைசென்ஸ் உங்க பேர்ல இல்ல. நீங்க இதைத் தொடவே கூடாது. தப்பு. உங்களுக்கும் தப்பு, சாருக்கும் தப்பு. இங்க சொன்னது இங்கயே இருக்கட்டும். வேற எங்கயும் இப்படிச் சொல்லிடாதீங்க." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்களே கைல எடுத்து, மேகசினைக் கழட்டி, ஸ்லைடை இழுத்து, உள்ள காலியா இருக்குன்னு காட்டணும். சுவர்ப் பக்கமா பிடிச்சிக்குங்க."

செபாஸ்தியான் துப்பாக்கியை எடுத்தார். எடுத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. கை அதன் இடத்துக்குத் தானாகப் போனது. மேகசினை விடுவிக்கிற பொத்தானைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். அழுத்தினார். விரல் பொத்தான் மேல் இருந்தது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். தோள் வரைக்கும் இறுகியது, விரலில் மட்டும் அந்தப் பலம் வந்து சேரவில்லை. பழக்கத்தில் அவர் கண் அமலோற்பவத்திடம் போனது. அவள் கையும் பழக்கத்தில் நீண்டது.

"அம்மா" என்றாள் ஷாலினி.

கை நின்றது. அமலோற்பவம் அதைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அவர் துப்பாக்கியை மாற்றிப் பிடித்து, இடது ஆள்காட்டி விரலால் பொத்தானைக் குத்தினார். மேகசின் நழுவி மேஜையில் விழுந்து சத்தம் போட்டது. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை முஷ்டியால் பிடித்து இழுத்தார். பாதி வந்து திரும்பப் போய்விட்டது. ஷாலினி லைசென்ஸை மறுபடி எடுத்து, ஏற்கெனவே படித்ததையே படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையில் அவர் இழுத்து நிறுத்தினார். அவள் எட்டிப் பார்த்து, "ஓகே சார்" என்றாள். அந்த ஏசி ரூமில் செபாஸ்தியானின் காதோரம் வேர்வை வழிந்தது.

பெட்டியைப் பூட்டி, சூட்கேஸில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சீட்டு ஒட்டும்போது ஷாலினி கேட்டாள்: "அங்க டியூட்டில யார் சார் லோட் பண்ணுவாங்க? எடுக்குறதைவிடப் போடுறது கஷ்டமாச்சே."

"பண்ணிப்பேன்."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "லைசென்ஸ் ரினியூ பண்ணும்போது டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க சார். அதுக்கு முன்னாடியே வீட்ல பேசி ஒரு முடிவு பண்ணிக்குங்க. சூட்கேஸ் போயிடும், நீங்க ரெண்டு பேரும் செக்யூரிட்டிக்குப் போகலாம்." தள்ளுவண்டி ஆள் சூட்கேஸை உருட்டிக்கொண்டு போனார். ஷாலினியும் பின்னால் போனாள்.

ரூமில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். செபாஸ்தியான் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்டும்போது கழன்றுபோன பெட்டிச் சாவியைச் சாவிவளையத்தில் திரும்பக் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் உட்காரவில்லை. அந்தப் பெண் போகிறபோக்கில் கேட்டது அவள் மனசில் சுற்றி வந்து, உளுந்தூர்பேட்டையில் கேட்டதோடு போய் ஒட்டிக்கொண்டது.

"ஆதிமூலம் அண்ணன்தான் போட்டுக் குடுத்துக்கினு இருந்தாரா?"

"எத்த?"

"தோட்டாவ."

அவர் சாவியைப் பார்த்தபடியே, "கடை தொறக்கறதுக்கு முன்னால ரூம்ல போட்டுக்கினுதான் கீழ எறங்கணும். அவன் போட்டுக் குடுப்பான். யாருக்கும் தெரியாது" என்றார்.

"அவரு ஈஸ்டருக்கு முன்னால போயிட்டாரு."

"ஆமா."

"என்ன எப்ப கூப்பிட்டீங்க?"

அவர் சாவிவளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பதில் தேவையில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம். தேதி உட்பட ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் அவள்தானே.

"அவரு போனதுலேர்ந்து நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

"ரெண்டு மூணு போட்டுக்கினு எறங்கிடுவேன். மீதி காலியா இருக்கும். யாரு பாக்கப் போறாங்க? ஆனா ஒரு நாளைக்கு சூப்பர்வைசர் பாத்துடுவான், அமலி. பாத்தான்னா அன்னிக்கே அனுப்பிடுவான்." அவர் நிமிர்ந்தார். "ஒரு ரெண்டு வருசம். அது வரைக்கும் ஓட்டிட்டா போதும். இது இல்லன்னா நான் இன்னா பண்றது சொல்லு? வூட்டுல ஒக்காந்து டப்பா அடுக்கவா?"

வேறு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். டப்பா அடுக்குவது அவளுக்குத் தொந்தரவு என்று அவருக்கும் தெரியும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"கை வேணும்னு கேட்டிருக்கலாம்" என்றாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். வூட்டுல குடுக்கலையா? ஊரச் சுத்திக் காட்டுறேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"காட்டத்தான் போறேன். அது பொய்யில்ல."

"பொய்யில்ல. தோட்டா போட்ட பின்னால காட்டுவீங்க."

வெளியே ஏதோ விமானத்துக்கு அழைத்தார்கள். மூன்று பாஷையிலும் சொன்னார்கள். அவர்களுடையது இல்லை. அமலோற்பவத்துக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. அழுகையும் வரவில்லை. காலையிலிருந்து புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை இப்போதுதான் கவனித்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். திரும்பிப் போனால் கண்ணகியிடம் என்ன சொல்வது, கோயில் வாசலில் என்ன சொல்வது? அதெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. யார் எதற்குக் கூப்பிட்டிருந்தால் என்ன, ஒரு தடவை விமானத்தில் ஏறி, வேறொரு ஊரின் தெருவில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"நான் வர்றேன்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. "அதான் பாத்தேன்…"

"இருங்க. நான் இன்னும் முடிக்கல. ஊரப் பாக்க வர்றேன். ஒரு மாசம் இருப்பேன், சோறாக்கிப் போடுவேன், துணி தொவைப்பேன். காலைல அந்தப் பெட்டிய என் முன்னால கொண்டாந்து வைக்கக் கூடாது. அந்தப் பொண்ணு சொல்லிடுச்சி, நான் தொட்டா உங்களுக்கும் தப்பு, எனக்கும் தப்புன்னு. இத்தினி வருசம் பட்டாளத்துல இருந்த உங்களுக்கு அது தெரியாமயா இருந்துச்சி?"

"தெரியும். யாரும் பாக்கப் போறதில்லன்னுதான்…"

"சரி. இனிமே நான் தொட மாட்டேன். நாளைக்குக் காலைல நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

செபாஸ்தியான் சாவிவளையத்தின் வாயை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். அது பிரிந்து, விரலிலிருந்து நழுவி மறுபடி மூடிக்கொண்டது. சாவி மேஜையில் விழுந்தது. எடுத்து மறுபடி முயன்றார். அவள் தோள்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்று காத்திருந்தாள். வாங்கிக் கோர்த்துக் கொடுக்க அவளுக்கு ஒரு நொடி ஆகியிருக்காது.

அவர் சாவியையும் வளையத்தையும் தனித்தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அமலோற்பவம் கதவைத் திறந்துகொண்டு செக்யூரிட்டி வரிசையைப் பார்த்து நடந்தாள்.